செவ்வாயும் வியாழனும் எழுந்திருக்காத கம்ப்யூட்டர்

அத்தியாயம் ஐந்து

மூன்று இன்ஜினீயர்கள், முப்பது ஸ்க்ரூ டிரைவர்கள், மூன்று மாத அவகாசம். இத்தனையும் சேர்ந்து எழுப்ப முடியாத ஒரு கம்ப்யூட்டரை நான் விரல் நுனிகூடப் படாமல், மூடியைத் திறக்காமல், அது இருந்த அறைக்கு வெளியே ஒரு சந்தில் நின்றபடியே சரிசெய்தேன். அன்றைக்கு எழுந்த இயந்திரம் இன்றுவரை ஒரு நாள்கூடப் படுக்கவில்லை.

இதை நான் எங்கே சொன்னாலும் பக்கத்திலிருந்து ஒரு இருமல் வரும். அது என் மருமகளின் அம்மா, அதாவது என் சம்பந்தியம்மா. நீதிமன்றத்தில் முப்பத்தோரு வருடம் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். பொய்யைக் கேட்டால் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொள்ளும் என்பார். என்னோடு சம்பந்தம் வைத்துக்கொண்ட பதினொரு வருடத்தில், பாவம், அது நிரந்தர இருமலாகவே ஆகிவிட்டது.

"இன்ஜினீயர் ஒருத்தர்தான். மூணு தடவை வந்தார்" என்று திருத்துவார். எனக்கு எண்ணிக்கை முக்கியமில்லை.

இதற்கு முந்தைய அத்தியாயங்களைப் படித்தவர்களுக்கு எங்களைத் தெரியும். படிக்காதவர்களுக்கும் நஷ்டமில்லை. துப்பறிபவன் நான். உதவியாளர் அவர். அவரைக் கேட்டால் இதைத் தலைகீழாகச் சொல்வார், ஆகவே கேட்க வேண்டாம்.

ஒரு வியாழக்கிழமை. என் கீழ்வரிசைப் பல் செட் ஈறைக் கடித்துக்கொண்டிருந்ததால் பல் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா கொடுத்த நேரம் பன்னிரண்டு மணி. நாங்கள் ஒன்பதரைக்கே போய்விட்டோம். ஓய்வு பெற்றவனுக்கு வேறு எங்கே அவசரமாகப் போக இருக்கிறது? சம்பந்தியம்மாவுக்குப் பல்லில் ஒரு குறையும் இல்லை. நான் வாயைத் திறந்துகொண்டும் பேசாமல் இருக்கும் காட்சியை நேரில் பார்க்கவேண்டும் என்று கூடவே கிளம்பி வந்தார்.

அந்தத் தெரு எங்களுக்குப் பழக்கமானதுதான். பேத்திக்குத் திங்களும் புதனும் சாயங்காலம் ஏழரைக்கு அந்தத் தெருக்கோடியில் சதுரங்க வகுப்பு. அவளை விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை நாங்கள் இருவரும் அங்கேயே மேலும் கீழுமாக நடப்போம். இது மூன்று மாதமாக நடக்கிறது.

ஆஸ்பத்திரி வாசலுக்கு மேலே ஒரு ராட்சதக் கடைவாய்ப்பல். வெள்ளைப் பிளாஸ்டிக், உள்ளே பல்பு வைத்த போர்டு. ஒரு யானைக்குக்கூட அது பெரிசு. அன்று காலை அது அணைந்திருந்தது. பட்டப்பகலில் அணைந்திருக்கும் விளக்கைப் பார்த்தால் எனக்கு வயிறு குளிரும். முப்பத்து நான்கு வருடம் தெருவிளக்குப் பிரிவில் உத்தியோகம் பார்த்தவன் நான். பகலில் எரியும் விளக்கையும் இரவில் எரியாத விளக்கையும் தேடிப் பிடிப்பதுதான் வேலை. ஊரில் மொத்தம் அறுபதாயிரம் விளக்குகள்.

"ஆறாயிரம்" என்றார் சம்பந்தியம்மா, நான் ஒன்றுமே பேசாமலிருக்கும்போதே. என் மனசைப் படிக்கவும் அவருக்குத் தெரியும்.

உள்ளே நுழைந்தால் முன் மேஜைக்குப் பின்னால் வரவேற்புப் பெண் நின்றுகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். காபிக் கோப்பையைச் செய்தித்தாளில் சுற்றி ஒரு பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்தபடியாக ஒரு சின்னக் கள்ளிச்செடித் தொட்டியும் பைக்குள் போனது.

"என்னம்மா, வீடு மாத்துறியா?" என்றேன்.

"வேலையை மாத்துறாங்க ஐயா. என்கிட்டேருந்து."

சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டர் பெட்டியின் பொத்தானை அழுத்திக் காட்டினாள். ஒன்றுமில்லை. விளக்கில்லை, விசிறிச் சத்தமில்லை, ஒரு முனகல்கூட இல்லை. ஒரு கல்லை அழுத்தியிருந்தால்கூட விரல் வலித்த பலனாவது இருந்திருக்கும்.

"மூணு மாசமா இப்படித்தான். செவ்வாய், வியாழன் ரெண்டு நாள் மட்டும் காலைல வராது. அந்த ரெண்டு நாள் டாக்டரம்மா காலேஜ்ல பாடம் எடுக்கப் போவாங்க, நான்தான் தனியாத் திறப்பேன். மத்த நாள் எல்லாம் அவங்க திறப்பாங்க. அவங்க அழுத்தினா உடனே வருது. செவ்வாய், வியாழன்லயும் பதினொன்றரைக்கு அவங்க வந்து அழுத்தினா வந்துடுது."

"உன் விரல்ல என்ன கோளாறு?" என்று அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன்.

"சம்பந்தி, கையை விடுங்க. அது ஆதாரம் இல்ல, ஆளு" என்றார் சம்பந்தியம்மா. அவளிடம் திரும்பி, "ரிப்பேர்க்காரர் என்னம்மா சொல்றார்?" என்று கேட்டார்.

"அவர் மத்தியானம் வருவார். அதுக்குள்ள நல்லாயிடும். முதல் தடவை ஒயரை மாத்தினார். ரெண்டாவது தடவை உள்ளே இருக்கிற பவர் டப்பாவை மாத்தினார். போன வாரம் மெமரியை மாத்திட்டு, 'எல்லாத்தையும் மாத்தியாச்சு டாக்டர், இனி அழுத்துற ஆளை மாத்திப் பாருங்க'ன்னு சிரிச்சார். டாக்டரம்மா சிரிக்கல."

மீதியைத் துண்டு துண்டாகச் சொன்னாள். பல் சுகாதாரப் படிப்பில் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. வேலை பார்த்த இடத்தில் டாக்டர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம் வேண்டும். அன்று மாலை நாலு மணிக்குள் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"டாக்டரம்மா ரெண்டு கடிதம் அடிச்சு வச்சிருக்காங்க. ஒண்ணுல நான் பொறுப்பானவள்."

"இன்னொண்ணுல?"

"காலைல உட்கார்ந்து பாடம் படிக்கிறதுக்காக வேணும்னே மெஷினைக் கெடுக்கிறவள். இன்னைக்கும் காலைல வரலைன்னா அந்த ரெண்டாவதுதான்."

சம்பந்தியம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரெண்டு தீர்ப்பையும் முதல்லயே அடிச்சு வச்சுட்டு விசாரிக்கிற ஜட்ஜை எனக்கும் தெரியும். டைப் அடிச்சுக் கொடுத்தது நான்தான்."

நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டேன். "கவலைப்படாதேம்மா. டாக்டர் வர்றதுக்குள்ள குற்றவாளியைக் கழுத்தைப் பிடிச்சு உன் முன்னால நிறுத்துறேன். இது என் வாக்கு."

இருமல்.

முதலில் பெட்டியின் மேல் காதை வைத்துக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். நிசப்தத்திலும் நூறு வகை உண்டு, அதில் இது எந்த வகை என்று ஆராய்ந்தேன்.

"நாடி பேசுதா?" என்றார் சம்பந்தியம்மா.

"பேசுது."

"அப்படின்னா எனக்கு ஒரு டீ சொல்லச் சொல்லுங்க."

பிளக் சரியாகச் செருகியிருக்கிறதா என்று கேட்டேன். "டாக்டரம்மா முதல் நாள் கேட்டதே அதைத்தான் ஐயா. இறுக்கமா இருக்கு" என்றாள் பெண். பிளக்குக்குப் பக்கத்து சுவிட்ச்? போட்டிருக்கிறது. திரையின் ஒயர்? இருக்கிறது. எலி? இல்லை. மேஜை மேல் தண்ணீர் கொட்டியதா? இல்லை. என் சந்தேகப் பட்டியல் தீர்ந்துபோய், அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் மீசையை நீவிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் சம்பந்தியம்மா, மேஜைக்குப் பக்கத்திலிருந்த மீன் தொட்டியை உற்றுப் பார்த்தபடி கேட்டார். "இதெல்லாம் ஏன் வாயைப் பிளந்துகிட்டு மேலேயே நிக்குது?"

ஏழு மீன்கள். ஏழும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வரிசையாக வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

"பல் ஆஸ்பத்திரி மீன் இல்லையா? பார்த்துப் பார்த்துப் பழகியிருக்கும்" என்றேன்.

"அது அப்பப்ப அப்படி நிக்கும்மா. மத்தியானம் தானாச் சரியாயிடும்" என்றாள் பெண்.

"அப்பப்பன்னா எப்ப?"

பெண் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். மீன்கள் மாதிரியே கொஞ்ச நேரம் மூடாமல் நின்றாள்.

"செவ்வாய்..." என்றாள். "வியாழன்."

"ஓஹோ" என்றார் சம்பந்தியம்மா. "மீனும் வேணும்னே செய்யுதாக்கும்."

தொட்டிக்குள் குமிழி விடும் குட்டி மோட்டார் ஓடவில்லை. காற்று இல்லாமல்தான் மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்குகின்றன. அந்த மோட்டாரின் ஒயர் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தேன். மேஜைக்கு அடியில், கம்ப்யூட்டர் செருகியிருந்த அதே நீள எக்ஸ்டென்ஷன் பெட்டியில், அதற்கு அடுத்த ஓட்டையில் செருகியிருந்தது.

"உன் போன் சார்ஜரைக் கொடும்மா" என்றேன். அதே பெட்டியில் செருகினேன். போன் கண் திறக்கவில்லை. எக்ஸ்ரே அறைச் சுவரில் கொண்டுபோய்ச் செருகினேன். உடனே சார்ஜ் ஏறியது.

இந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொன்னேன். தங்கத்தில் பொறிக்கலாம். "கம்ப்யூட்டருக்கு ஒரு வியாதியும் இல்லை. அது பட்டினி கிடக்கிறது."

நேர்மைக்காகச் சொல்கிறேன், அதைச் சம்பந்தியம்மா அரை நொடி முன்னால் சொல்லிவிட்டார். ஆனால் நான் சத்தமாகச் சொன்னேன்.

பெண்ணுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. "மூணு மாசமா பொத்தானையே அழுத்திட்டு இருந்திருக்கேன். பெட்டியில கரண்ட் வருதான்னு ஒரு தடவைகூட..."

"மத்தியானம் வர்ற ரிப்பேர்க்காரருக்கே தோணல. உனக்கு எப்படித் தோணும்?" என்று சம்பந்தியம்மா அவள் பையிலிருந்து கோப்பையை எடுத்துத் திரும்ப மேஜைமேல் வைத்தார்.

மணி பத்தரை.

கரண்ட் எங்கிருந்து வருகிறது, எங்கே நின்றுபோகிறது? ஒயரைப் பிடித்துப் போவது எனக்குக் கைவந்த வேலை. மேஜைக்கு அடியில் தவழ்ந்தேன். என் முழங்கால்கள் கடைசியாக மடங்கியது என் மகன் பிறந்த வருடத்தில். அவை எழுப்பிய சத்தத்தைக் கேட்டு அடுத்த தெருவில் ஒரு நாய் பதில் சொன்னது.

ஆஸ்பத்திரியின் மற்ற ஒயர்களெல்லாம் உள்பக்கம், பின்னாலிருந்த பெரிய சுவிட்ச் பலகைக்கு ஒழுங்காகப் போயின. இந்த மேஜையின் ஒயர் மட்டும் வீட்டோடு கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி எதிர்ப்பக்கம் போய், பக்கச்சுவரில் ஒரு ஓட்டை வழியாக வெளியே நழுவியிருந்தது.

"இந்த மேஜையை எப்பம்மா இங்க போட்டாங்க?"

"நான் சேர்றதுக்கு முந்தின வாரம். அதுவரைக்கும் உள்ளே இருந்துச்சாம்."

"அப்ப வந்த எலக்ட்ரீஷியன் உள்ளேயிருந்து ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டிருக்கான். சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு லைன் போகுது. அதுல ஒட்டுப் போட்டுட்டுப் போயிட்டான்."

வெளியே வந்தோம். ஆஸ்பத்திரிக்கும் அடுத்த தையல் கடைக்கும் நடுவே ஒரு சந்து. இரண்டு பேர் பக்கவாட்டில் நிற்கலாம், மூன்றாமவர் மெலிந்தவராக இருக்கவேண்டும். ஓட்டையிலிருந்து வந்த ஒயர் சுவரோடு மேலே ஏறி, எட்டடி உயரத்தில் ஒரு தகரப் பெட்டிக்குள் நுழைந்தது. பெட்டியில் ஒரே ஒரு கறுப்பு சுவிட்ச். அங்கிருந்து இன்னொரு ஒயர் ராட்சதப் பல்லுக்குப் போனது.

அந்தப் பெட்டியை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வாழ்நாளெல்லாம் பெட்டி பார்த்தவனுக்கு எல்லாப் பெட்டியும் எங்கேயோ பார்த்த மாதிரிதான் இருக்கும்.

"ஆக, போர்டை அணைச்சா கம்ப்யூட்டரும் மீனும் சேர்ந்து அணையும்" என்றேன். "எவனோ ஒருத்தன் இந்த சுவிட்சோட விளையாடுறான், சம்பந்தியம்மா. குரூரமான ஆசாமி. ஒரு ஏழைப் பெண்ணோட எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படாதவன். அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

காலடிச் சத்தம். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். சம்பந்தியம்மாவும் ஒட்டிக்கொண்டார், ஆனால் அவர் முகத்தில் ஏனோ வழக்கமான கிண்டல் இல்லை.

கழுத்தில் டேப் தொங்க, தையல்காரர் வந்தார். கடைப் பூட்டைத் திறந்து, உள்ளேயிருந்து நீளமான மர ஸ்கேலை எடுத்துக்கொண்டு நேராகச் சந்துக்குள் நுழைந்தார். அண்ணாந்து பார்த்து, ஸ்கேல் முனையால் சுவிட்சை ஒரு தட்டுத் தட்டினார்.

மேலே பல் பளீரென்று எரிந்தது. உள்ளேயிருந்து பெண்ணின் குரல். "ஐயா, குமிழி வருது." ஒரு நிமிஷம் கழித்து, "கம்ப்யூட்டரும் வருது."

நான் புலி மாதிரிப் பாய்ந்து தையல்காரரின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"மாட்டிக்கிட்டியா?"

"பெரியவரே, கையை விடுங்க. அந்தக் கையிலதான் என் சோறு."

"மூணு மாசமா இந்த சுவிட்சை யாரு..."

"நான் போடுறவன்" என்றார் தையல்காரர், கையை உருவிக்கொண்டு. "அணைக்கிறவன் வேற எவனோ. என் கடைக்குப் போர்டு இல்ல. 'பல்லு எரியுது பாருங்க, அதுக்குப் பக்கத்துல'ன்னுதான் எல்லார்கிட்டயும் அடையாளம் சொல்லி வச்சிருக்கேன். பல்லு அணைஞ்சு கிடந்தா என்னை எவன் கண்டுபிடிப்பான்? அதான் வந்ததும் நானே போட்டுடுவேன்."

"தினமுமா?"

"இல்ல. செவ்வாயும் வியாழனும்தான் அணைஞ்சிருக்கும். ஏழு மணிக்கு நான் பூட்டிட்டுப் போகும்போது நல்லா எரியும். கணக்குப் போட்டுப் பாருங்க. திங்கக்கிழமையும் புதன்கிழமையும் ஏழு மணிக்கு மேல எவனோ வர்றான். வேலை வெட்டி இல்லாத ஒரு ஜென்மம். ஒரு நாள் ஒளிஞ்சு நின்னு, இந்த ஸ்கேலாலேயே அவன் முட்டியைப் பேர்க்கணும்னு இருக்கேன்."

திங்கள். புதன். ஏழு மணிக்கு மேல்.

நான் மெதுவாக அந்தத் தகரப் பெட்டியை மறுபடி அண்ணாந்து பார்த்தேன். அதுவரை நான் அதைப் பகலில் பார்த்ததே இல்லை. இருட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

சம்பந்தியம்மா பக்கம் திரும்பினேன். அவர் வானத்தில் மேகம் எப்படிப் போகிறது என்று மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்.

குற்றவாளியின் அங்க அடையாளங்களை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். வயது எழுபத்தொன்று. ஓய்வு பெற்றவன். மீசை உண்டு, பல் செட் உண்டு. பூட்டிய கட்டடத்துக்கு மேலே யாருக்கும் உபயோகமில்லாமல் ஒரு விளக்கு எரிவதைக் கண்டால் கை தானாகப் போகும். முப்பத்து நான்கு வருடப் பழக்கம். பேத்தியைச் சதுரங்க வகுப்பில் விட்டுவிட்டு நடக்கும்போதெல்லாம், நாட்டுக்கு மின்சாரம் மிச்சப்படுத்திவிட்டதாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்தப் பல்லை அணைத்துவிட்டுப் போனவன் நான்தான். அது போர்டுக்கு மட்டுமான சுவிட்ச் என்று நினைத்தேன். பேத்தி அங்கே குதிரையை நகர்த்திக்கொண்டிருந்த நேரத்தில், நான் இங்கே ஒரு பெண்ணின் வேலையை வெட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தையல்காரர் கடைக்குள் போனதும் மெல்ல ஆரம்பித்தேன். "சம்பந்தியம்மா..."

"நான் ஒண்ணும் பார்க்கல."

"நான் இன்னும் ஒண்ணும் கேட்கலையே."

"கேட்டாலும் பார்க்கல."

"எலக்ட்ரீஷியன் தப்புன்னு சொல்லிட்டு விட்டுடலாமா? ஒயர் விஷயத்தைக் காட்டினாப் போதாதா?"

அவர் இப்போது மேகத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ராத்திரி ஏழு மணிக்கு இந்த இடத்தைப் பூட்டிட்டுக் கடைசியாப் போறது யாரு?"

"அந்தப் பொண்ணாத்தான் இருக்கும்."

"அப்ப சுவிட்சை அணைச்சது யாருன்னு டாக்டர் சொல்லுவாங்க?"

அவர் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்குள் திரும்பினேன்.

சரியாகப் பதினொன்றரைக்கு டாக்டரம்மா வந்தார். எதையும் இரண்டு முறை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் நம்பும் ரகம். கம்ப்யூட்டர் ஓடுவதைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். பெண் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். மீன், சார்ஜர், ஓட்டை, சந்து. டாக்டரம்மா தானே வெளியே போய் ஒயரையும் தகரப் பெட்டியையும் பார்த்துவிட்டுத் திரும்பினார். ஒரு நிமிஷம் அவர் முகம் இளகியது. எனக்கு உயிர் வந்தது.

"ஒயர் விஷயம் சரி" என்றார். "மெஷின் மேல தப்பில்லைன்னு ஒத்துக்கிறேன். ஆனா சுவிட்ச் தானா அணையாது. திங்கள், புதன் ராத்திரி கடைசியா இங்கேருந்து போறது யாரு?"

பெண் தரையைப் பார்த்தாள். "நான்தான் டாக்டர். ஆனா அந்த சுவிட்ச் அங்க இருக்கிறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

"மறுநாள் காலைல உட்கார்ந்து படிக்கிறதும் நீதான்."

டாக்டரம்மா டிராயரைத் திறந்து இரண்டு காகிதங்களை எடுத்தார். ஒன்றைத் தள்ளி வைத்தார். இன்னொன்றை முன்னால் இழுத்துப் பேனா மூடியைக் கழற்றினார். பெண் மேஜைமேலிருந்த கோப்பையை எடுத்து மறுபடியும் பைக்குள் வைத்தாள்.

"டாக்டர், அணைச்சது நான்" என்றேன்.

பேனா நின்றது.

அங்கேயே நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் ஒரு விஷயத்தை அதன் இயல்பான உயரத்தில் விட்டுவைக்க எனக்கு வராது. தெருவிளக்குப் பிரிவைச் சொன்னேன். அறுபதாயிரம் விளக்கைச் சொன்னேன். என் கையால் மிச்சமான மின்சாரத்தில் ஒரு நகரம் ஏழு வருடம் எரியலாம் என்றும் சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "ஐயா, அந்த சுவிட்ச் எட்டடி உயரம். தையல்காரரே ஸ்கேல் வச்சுத்தான் போடுறார். உங்களுக்கு எப்படி எட்டிச்சு?"

அதைச் சொல்வதென்றால் இன்னொருவரையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எனக்குப் பேரில்லை, போனால் போகிறது. அந்த இன்னொருவருக்கு ஊரில் நல்ல பேர் இருக்கிறது.

"எகிறினேன்" என்றேன்.

"போன மாசம் இந்த நாற்காலியிலேருந்து உங்களை இறக்க ரெண்டு பேர் பிடிச்சோம்."

"அது காலை நேரம். சாயங்காலமானா என் உடம்பு வேற மாதிரி."

"இந்தப் பல் செட்டை வச்சுக்கிட்டுக் கரும்பு கடிச்சேன்னு போன தடவை சொன்னீங்க. அதுக்கு முந்தின தடவை சைக்கிள் செயினைக் கடிச்சுக் கோத்தேன்னு சொன்னீங்க." டாக்டரம்மாவின் குரலில் கோபமில்லை, பரிவுதான் இருந்தது. அதுதான் என்னைக் கொன்றது. "உங்க பல்லும் எனக்குத் தெரியும், பேச்சும் தெரியும். இந்தப் பொண்ணுக்காகப் பழியை ஏத்துக்கப் பார்க்கிறீங்க. பெரிய மனசு. ஆனா நான் இதை நம்பி ஒரு காலேஜுக்குக் கையெழுத்துப் போட முடியாது."

எழுபத்தொரு வருடத்தில் முதல் தடவையாக ஒரு உண்மையைச் சொல்கிறேன், அதை வாங்க ஆளில்லை.

டாக்டரம்மா பேனாவைக் காகிதத்துக்குக் கொண்டுபோனவர், கடைசி நொடியில் தலையைத் தூக்கினார். "அம்மா, நீங்க ஒண்ணும் பேசலையே. இவர்கூட நடக்கிறவங்க நீங்கதான். நீங்க சொன்னா எனக்குப் போதும்."

சம்பந்தியம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பதினொரு வருடம். கல்யாண வீடு, காதுகுத்து, ரயில், வரிசை, எந்த இடத்திலும் அவர் எனக்குச் சாட்சி சொன்னதில்லை. "அவர் சொன்னார், நான் கேட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்பதுதான் அவருடைய நிரந்தர வாக்குமூலம்.

இருமினார். போச்சு என்று நினைத்தேன்.

"இந்த மனுஷன் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட நான் இதுவரைக்கும் ஒத்துக்கிட்டதில்ல, டாக்டர்."

"தெரியும்மா."

"எகிறினது சுத்தப் பொய். வாசற்படியைத் தாண்டறதுக்கே இவருக்கு ஒரு கை வேணும்."

டாக்டரம்மா பெருமூச்சு விட்டுக் காகிதத்தைப் பார்த்தார்.

"குடையாலதான் அணைச்சார்" என்றார் சம்பந்தியம்மா.

"என்ன குடை?"

"வளைஞ்ச பிடி வச்ச நீளக் குடை. என்னோடது. கைக்கு எட்டலைன்னு அவர் தவிச்சப்ப எடுத்துக் கொடுத்தது நான்தான். 'இன்னும் கொஞ்சம் இடது பக்கம், சம்பந்தி'ன்னு வழி சொன்னதும் நான்தான். அவர் ஒருத்தராச் செஞ்சிருந்தா இந்நேரம் உங்க போர்டுதான் உடைஞ்சிருக்கும், சுவிட்ச் அணைஞ்சிருக்காது."

பெண்ணின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். நான் முதல் முறையாக ஒன்றும் சேர்க்காமல் நின்றேன்.

டாக்டரம்மா முன்னால் இருந்த காகிதத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். தள்ளி வைத்திருந்ததை எடுத்தார். கையெழுத்துப் போட்டார், அடியில் முத்திரை குத்தினார், மை காய ஊதினார். எழுந்து நின்று அதைப் பெண்ணின் கையில் கொடுத்தார்.

"மூணு மாசம் உன்னைச் சந்தேகப்பட்டேன். என் தப்பு. நாலு மணிக்குள்ள கொண்டு போ. இல்ல, இப்பவே கிளம்பு. டெலிபோனை நான் பார்த்துக்கிறேன்."

பெண் கடிதத்தைப் படித்தாள். மறுபடி படித்தாள். என்னிடம் ஏதோ சொல்ல வந்து, முடியாமல், சம்பந்தியம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துவிட்டுக் கள்ளிச்செடிப் பையை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

டாக்டரம்மா அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். இன்னும் அவருக்கு மனசு ஆறவில்லை.

"உங்க ரெண்டு பேர் வயசையும் கூட்டினா நூத்தி நாப்பது வரும்" என்றார். "இருட்டுல, ஒரு சந்துக்குள்ள நின்னு, குடையை நீட்டி, என் பல்லை அணைச்சிருக்கீங்க. நீதிமன்றத்துல வேலை பார்த்தவங்கன்னு உங்களைக் கேட்கிறேன். நிஜமாவே இது நடந்ததா?"

சம்பந்தியம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. தொண்டையும் அடைக்கவில்லை.

"நடந்தது டாக்டர்" என்றார். "இருபத்தாறு தடவை நடந்தது."